மாடி டவரா, காதோடு ஒட்டிய போனா?

வாசகர் கேள்வி: 6 அக்டோபர் 2024

எதிர் வீட்டு மாடியில் செல்போன் டவர் போடப்போகிறார்கள். வீட்டுக்காரர் மாத வாடகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். என் மனைவிக்கு ஐந்தாவது மாதம். கேன்சர் வரும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று தெருவே பேசுகிறது. எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போடுகிறோம். வேறு வீடு பார்க்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 அக்டோபர் 2024, இரவு

வீடு மாற்ற வேண்டாம் தம்பி. உங்கள் படுக்கையறை எந்த மாடி, ஆண்டெனா எந்த உயரத்தில் வருகிறது, நடுவில் எத்தனை அடி? அதைச் சொல்லுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

7 அக்டோபர் 2024

உங்கள் தெருவில் இப்போது சுற்றும் மனுவைப் போல ஒன்றை 2009-ல் நானே எழுதினேன். திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். அப்போது மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ‘சாரே சொல்றார்’ என்று அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனிக்காரர்கள் இறக்கிவைத்த கம்பிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டை சிக்னல்தான். சமையலறையில் அதுவும் கிடையாது. மகளை அப்போதுதான் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மாவும் மகளும் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். சரியாகக் கேட்காது. அதனால் என் மனைவி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் சாய்ந்து பேசுவாள். வருஷக்கணக்கில் தினமும் நடந்தது இது.

போனும் டவரும் ஒருவழிப் பேச்சு அல்ல. போனும் அலையை அனுப்புகிறது. எவ்வளவு வலுவாக அனுப்பவேண்டும் என்று டவர்தான் ஒவ்வொரு நொடியும் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெல்லப் பேசும். தூரத்தில் இருந்தால் கத்தும். அந்தக் காலத்து 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை போகும். அது விட்டுவிட்டு அனுப்புவதால் சராசரி கால் வாட். நல்ல சிக்னலில் அதே போன் சில மில்லிவாட்டுக்கு இறங்கிவிடும். டவரை விரட்டியதால் என் மனைவி காதில் இருந்த போனைக் கத்த வைத்தேன். தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நாலில் ஒரு பங்கு என்று இருபது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அதை என் வீட்டுக் கூடத்துக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

9 அக்டோபர் 2024

விவரம் சொன்னதற்கு நன்றி. நீங்கள் தரைத்தளம். ஆண்டெனா மூன்றாம் மாடிக்கு மேல் கம்பத்தில். நடுவே முப்பது அடி ரோடு.

டவர் ஆண்டெனா அலையை நாலா பக்கமும் கொட்டுவதில்லை. கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை போலக் கிடைமட்டமாக, கொஞ்சமே கீழே சாய்த்து அனுப்பும். அதனால் காலடியில் இருக்கும் வீடுகளைவிட அதே உயரத்தில் நேர் எதிரே இருக்கும் மாடிக்குத்தான் அதிகம் போய்ச் சேரும். ஒரே மட்டத்தில் முன்னால் ஒரு ஆண்டெனா இருந்தால் 20 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் கணக்கு. உங்கள் வீடு அந்தக் கற்றைக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. உங்கள் தெருவில் கவலைப்பட நியாயம் உள்ளவர் யாராவது உண்டு என்றால், அது ஆண்டெனாவுக்கு நேர் மட்டத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்தான். கையெழுத்து வாங்குகிறவர்கள் அவரிடம் பேசினார்களா?

வயிற்றுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டனில் இதையே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு வயதுக்குள் புற்றுநோய் வந்த 1397 குழந்தைகள், வராத 5588 குழந்தைகள். கர்ப்பமாக இருந்தபோது அம்மா குடியிருந்த வீட்டுக்கும் டவருக்கும் எவ்வளவு தூரம், அங்கே அலை எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. 2010-ல் வெளிவந்தது. இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

சட்டத்தின் எண்களையும் பாருங்கள். உடம்பு உறிஞ்சும் அலைச் சக்திக்கு வரம்பு உண்டு. சர்வதேச வரம்பில் பொதுமக்களின் முழு உடம்புக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 0.08 வாட். தலையில் ஒரு சின்னப் பகுதிக்குக் கிலோவுக்கு 2 வாட். டவருக்குப் பொருந்துவது முதல் எண், காதில் வைத்த போனுக்கு இரண்டாவது. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் டவர் வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. போனுக்குக் கிலோவுக்கு 1.6 வாட், அதுவும் ஒரு கிராம் திசுவுக்குச் சராசரி பார்த்து. உங்கள் போனில் *#07# போட்டால் அந்த எண் வரும்.

10 அக்டோபர் 2024

மேலே முழு உடம்பையும் தலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது சரியில்லை. ஒன்று உடம்பு முழுக்கச் சராசரி, இன்னொன்று ஒரு இடத்தில் குவிவது. நேருக்கு நேர் கழித்துப் பார்க்கக் கூடாது. போன் தலைக்குத் தருவது டவர் தருவதைவிட மிக அதிகம் என்பது மட்டும் நிற்கும்.

10 அக்டோபர் 2024, இரவு

‘*#07# போட்டேன், 1.1 வருகிறது, தம்பி போனில் 0.7, மாற்றிவிடட்டுமா?’ என்று ஒருவர் கேட்கிறார். மாற்ற வேண்டாம். அது போன் முழு மூச்சில் கத்தும்போது சோதனைக்கூடத்தில் எடுத்த எண். நல்ல சிக்னலில் 1.1 போனும், லிஃப்டுக்குள் 0.7 போனும் இருந்தால், பின்னதுதான் உங்கள் தலைக்கு அதிகம் தரும். நீங்கள் எந்த இடத்தில் நின்று பேசுகிறீர்கள் என்பது அந்த எண்ணைவிடப் பெரிய விஷயம்.

20 அக்டோபர் 2024

கேன்சர் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டேன். காரணம் உண்டு. என் மைத்துனர் 2013-ல் மூளைக் கட்டியில் போனார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். எந்நேரமும் வலது காதில் போன். கட்டியும் வலது பக்கம். ‘அந்தப் போன்தான் எமன்’ என்று துக்கத்துக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். நான் மறுத்துப் பேசியதில்லை. இங்கே பொதுவில் எழுதுவது அவருக்குச் செய்யும் துரோகமோ என்று தோன்றியது. ஆனால் கேட்பவர்கள் பயத்தோடு கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே 31 அன்று ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்று பொருள். ஆசிய நாடுகளில் பாரம்பரிய முறையில் போடும் காய்கறி ஊறலும் அதே பிரிவுதான். அன்றைய தலைப்புச் செய்திகளில் ‘கூடும்’ என்ற சொல் காணாமல் போயிருந்தது. அந்த அறிவிப்புக்கு முக்கியமாக நின்றவற்றில் ஒன்று, செல்போனால் மூளைக் கட்டி வருமா என்று 13 நாடுகள் சேர்ந்து செய்த இன்டர்போன் ஆய்வு. 2010-ல் வந்தது. அதில் மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை. 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன பத்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் கிளையோமா என்ற மூளைக் கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பத்து வருஷத்துக்குப் பரப்பினால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம்.

அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு மைத்துனர் முகம்தான் வந்தது.

அப்புறம்தான் மீதியைப் படித்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினேன் என்று சொன்ன நோயாளிகளும் அதில் உண்டு. நடக்கிற காரியம் இல்லை. போனே பிடிக்காதவர்களைவிட வழக்கமாகப் பேசுகிறவர்களுக்குக் கட்டி குறைவு என்றும் அதே ஆய்வில் வந்தது. அதற்காகப் போன் மூளையைக் காக்கிறது என்று யாரும் சொல்லமாட்டோம். கணக்கெடுப்பில் எங்கோ கோணல் இருக்கிறது என்றுதான் பொருள். நோய் வந்தவரிடம் ‘எந்தக் காதில் பேசினீர்கள்’ என்று கேட்டால், கட்டி இருக்கும் பக்கத்தைச் சொல்லிவிடுகிறார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்ததோ? மைத்துனர் வலது காதில் மட்டுமா பேசினார், இடது கையால் பில் எழுதியபோது எந்தக் காதில் வைத்தார்? அவர் இடது கைப்பழக்கக்காரர். நான் இப்போது நினைவுபடுத்திப் பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஞாபகத்தை நம்பாமல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளும் உண்டு. டென்மார்க்கில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள், பிரிட்டனில் ஏழே முக்கால் லட்சம் பெண்கள். கூடுதல் ஆபத்து தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை போன மாதம்தான் வெளியாகியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் பேசியவர்களுக்கும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்கிறது. போன் வந்த பிறகு உலகத்தில் இத்தனை கோடிப் பேர் பேசியும் மூளைக் கட்டிகள் அதற்கேற்ப ஏறவில்லை.

மைத்துனருக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. போன்தான் காரணம் என்று இப்போது நான் நம்பவில்லை. இதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

21 அக்டோபர் 2024

‘அமெரிக்காவில் எலிக்கு வந்ததே?’ என்று இரண்டு பேர். ஆமாம், 2018-ல் வந்த முடிவு. ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி. ஆனால் அவற்றின் முழு உடம்பிலும் தினம் ஒன்பது மணி நேரம், இரண்டு வருஷம் அலையைப் பாய்ச்சினார்கள். அதோடு, அலை பட்ட ஆண் எலிகள் படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. இதைத் தூக்கி எறியவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு அலறவும் முடியவில்லை. அதனால்தான் ‘பயப்படாதே, ஆனால் தள்ளி வை’ என்கிறேன்.

27 அக்டோபர் 2024

தள்ளி வைப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு, எங்கள் வீட்டில் செய்வது இது. நீளமான பேச்சு என்றால் ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுவோம். ரகசியம் என்றால் வயர் ஹெட்செட். புளூடூத்தும் பரவாயில்லை, அதன் சக்தி சில மில்லிவாட்தான். ஒரு கட்டை சிக்னலில் இருக்கும்போது ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்று வைத்துவிடுவோம். ரயிலிலும் பஸ்ஸிலும் கதை பேசுவதில்லை. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து ஓடிக்கொண்டே டவர் மாற்றும்போது போன் அதிகம் உழைக்கும். தலையணைக்கு அடியில் போன் கூடாது. அதுவும் சார்ஜ் போட்டபடி கூடவே கூடாது. அலையைவிட நெருப்புக்குத்தான் அங்கே நான் பயப்படுகிறேன்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கண்டிப்பு. மண்டையோடு மெல்லியது. அதே போனைக் காதில் வைத்தால் பெரியவர்களைவிட மூளைக்குச் சுமார் இரண்டு மடங்கு போய்ச் சேரும் என்று புற்றுநோய் ஆய்வு அமைப்பே எழுதியிருக்கிறது. 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களை எடுத்து, இந்தியா உட்பட 14 நாடுகளில் செய்த ஆய்வில் மூளைக் கட்டிக்கும் போனுக்கும் தொடர்பு தெரியவில்லை. அது நிம்மதி. இருந்தாலும் ஐந்து வயதுப் பேத்தி தாத்தாவிடம் ஸ்பீக்கரில் பேசினால் ஒன்றும் குறைந்துபோகாது.

28 அக்டோபர் 2024

ஸ்டிக்கர் வாங்காதீர்கள். போன் முதுகில் ஒட்டினால் கதிர்வீச்சை உறிஞ்சும் என்று விற்கிறார்கள். உண்மையிலேயே அலையைத் தடுத்தால், டவருக்குக் கேட்கவில்லை என்று போன் இன்னும் கத்தும். தடுக்காவிட்டால் அது வெறும் தாள். இரண்டு வழியிலும் நஷ்டம்தான்.

3 நவம்பர் 2024

தீபாவளிக்கு வந்த மருமகள் இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்டாள்: ‘மாமா, பத்து நிமிஷம் பேசினாலே காது சுடுதே, அது கதிர்வீச்சு இல்லையா?’ பெரும்பாலும் இல்லை. பேட்டரியும் உள்ளே இருக்கும் சில்லுகளும் சூடாகின்றன. கண்ணாடிப் பலகையைக் காதில் ஒட்டவைத்தால் காற்றும் படாது. வாட் கணக்கைப் பார்த்தால் அலையால் மூளைத் திசுவில் ஏறும் வெப்பம் மிகச் சிறியது. எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு இந்த அலைக்குக் கிடையாது. கொஞ்சம் சூடாக்கும், அவ்வளவுதான் இதுவரை உறுதியாகத் தெரிந்தது. ‘கதிர்வீச்சு’ என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது நம் பாடப்புத்தகங்களில் வந்த வினை.

5 நவம்பர் 2024

டவரால்தான் சிட்டுக்குருவி அழிகிறது என்ற பேச்சுக்கு வருவீர்கள் என்று தெரியும். எங்கள் 2009 மனுவிலும் குருவி இருந்தது. நான்தான் சேர்த்தேன். 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை குறையவில்லை, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் சரிந்திருக்கிறது என்கிறது. எங்கள் தெருவில் டவர் வரவேயில்லை. குருவிகள் போய்விட்டன. ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் போட்டோம், உத்தரத்தில் பொந்து இல்லை. முறத்தில் அரிசி புடைப்பவர்கள் இல்லை. சிந்தும் நொய்யும் இல்லை. கிழக்குக் கோடியில் ஒரே ஒரு மளிகைக் கடை மூட்டை அரிசி வைத்து விற்கிறது. அங்கே மட்டும் இன்னும் ஏழெட்டு இருக்கின்றன.

6 டிசம்பர் 2024

ஆறு நாளாக எழுத முடியவில்லை. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊரில் மூன்று நாள் கரண்ட் இல்லை, பேட்டரி தீர்ந்து டவர்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஏரிக்கரைத் தெருவில் தண்ணீர் ஏறியபோது ஆளைக் கூப்பிட வழியில்லை. ‘சார், நம்ம தெருவுல அன்னைக்கு டவர் வந்திருந்தா’ என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். 2009-ல் அவனுக்குப் பத்து வயசு இருக்கும். அந்த டவரும் படுத்திருக்கலாம். ஆனாலும் அவன் கேட்டது இன்னும் மனதில் கிடக்கிறது.

ஒரு திருத்தம். சிக்னலே இல்லாத இடத்தில் போன் இடைவிடாமல் கத்தும் என்று அக்டோபரில் ஒருவருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். தவறு. டவரே இல்லையென்றால் போன் பெரும்பாலும் காதைத் தீட்டித் தேடிக்கொண்டிருக்கும். பேட்டரி தீர்வது அதனால்தான். கத்துவது, டவர் இருந்தும் தூரத்தில் இருக்கும்போது. அதாவது ஒரு கட்டை சிக்னலில்.

15 டிசம்பர் 2024

பேஸ்மேக்கர் வைத்த அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஆண்களின் சட்டைப் பை இடது மார்பில். பேஸ்மேக்கரையும் பெரும்பாலும் இடது தோளெலும்புக்குக் கீழேதான் வைப்பார்கள். அந்தப் பையில் போன் வேண்டாம். குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், வலது காதில் பேசுங்கள். புதுப் போன்கள் சிலவற்றில் காந்தம் வேறு இருக்கிறது. உங்கள் இதய மருத்துவரிடமும் கேளுங்கள். இந்த இழையில் ‘கட்டாயம்’ என்று நான் சொல்வது இது ஒன்றும், அடுத்ததும்.

16 டிசம்பர் 2024

அடுத்தது. என் பழைய மாணவன் ஒருவன் மயிலம் ரோட்டில் விபத்தில் இறந்துபோனான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே பைக் ஓட்டியிருக்கிறான். எதிரே வந்த டிராக்டரைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வயது. செல்போனால் உயிர் போனதை நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். பேசிக்கொண்டு ஓட்டுபவருக்கு விபத்து வாய்ப்பு சுமார் நாலு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிதாகக் குறைவதில்லை, ஏனென்றால் கவனம் அங்கே இல்லை. இரண்டு மாதமாக மில்லிவாட் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாளே இதை எழுதியிருக்கவேண்டும்.

18 டிசம்பர் 2024

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வரி. பேரன் பதினொன்றாம் வகுப்பு. இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் நீல வெளிச்சம். ஹாலில் சார்ஜ் பாயின்ட் வைத்து, பத்து மணிக்கு எல்லோர் போனும் அங்கே போகவேண்டும் என்று வைத்தோம். அலாரத்துக்குத் திண்டிவனத்தில் ஒரு கடிகாரம் வாங்கினேன். முதல் வாரம் சண்டை. இப்போது பையன் காலையில் தானாக எழுகிறான். எனக்கும் இரண்டு மணிக்கு விழித்து வாட்ஸ்ஆப் பார்க்கும் பழக்கம் போனது.

12 ஜனவரி 2025

தம்பி எழுதியிருக்கிறார்: தெரு மனுவை மாற்றி எழுதினார்களாம். ‘டவர் வேண்டாம்’ என்பதற்குப் பதில், மூன்றாம் மாடி வீட்டை நேராகப் பார்க்காமல் ஆண்டெனாவைத் திருப்பி, உயர்த்தி வையுங்கள், வைத்தபிறகு அளந்து காட்டுங்கள் என்று. மிக நல்லது. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் டவர் விவரம் பார்க்கலாம், 4000 ரூபாய் கட்டினால் உங்கள் வீட்டுக்கே வந்து அளப்பார்கள். தெருவில் பங்கு போட்டால் ஆளுக்கு நூறு, நூற்றைம்பதுதான் வரும்.

மனைவியிடம் நேற்று சொன்னேன், மைத்துனர் விஷயத்தை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ‘அப்ப எதனாலதான் வந்துச்சு?’ என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

20 பிப்ரவரி 2025

தம்பிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருக்கிறார். கூடவே கேள்வி: ‘தாலாட்டுப் பாட்டுக்குப் போனைத் தூளியிலேயே போடுகிறார் மாமியார், பரவாயில்லையா சார்?’

தூளிக்குள் வேண்டாம். பாட்டை முன்கூட்டியே இறக்கிவைத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஜன்னல் திட்டில் வையுங்கள். சத்தமும் குறைவாக இருக்கட்டும், பிஞ்சுக் காது. சார்ஜர் வயரைத் தூளிக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.